வீட்டு இன்சூரன்ஸ் எதற்குப் பணம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். முடிச்சூரில் தனி வீடு, மூன்று ஆண்டுக்கு முன் கடன் போட்டு வாங்கியது. போன வாரம் பெய்த மழையில் இரண்டடித் தண்ணீர் உள்ளே நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை, சுவரோடு அடித்த மர அலமாரி எல்லாம் போயிற்று. பின்பக்கச் சுவரில் ஏற்கெனவே இருந்த ஓதம் இப்போது ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. கடன் கொடுத்தபோதே இன்சூரன்ஸ் என்று ஒரு தொகையை வங்கியில் பிடித்தார்கள். இப்போது போய்க் கேட்டால் "அது கட்டடத்துக்கு மட்டும்தான் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு இன்சூரன்ஸ் உண்மையில் எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று கேட்கிறீர்கள்.

நான் 18 ஆண்டுகளாகச் சேத மதிப்பீட்டு வேலையில் இருக்கிறேன், அதாவது சர்வேயர் ஆபீஸ். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றுக்கும் தாம்பரம், வேளச்சேரி பக்கமெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். விளக்கத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நனைந்த சாமானைத் தூக்கி எறியாதீர்கள். நாற்றம் அடிக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீடு, வைத்திருக்க முடியாது என்றால் வெளியே போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுங்கள், மாடல் எண் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் சேர்த்து. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அதன் பக்கத்தில் டேப்பைப் பிடித்து உயரம் தெரிகிற மாதிரி ஒரு படம். வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் என்பதற்கு அந்தக் கோட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது, வெள்ளையடித்துவிட்டால் அதுவும் போய்விடும். அப்புறம், ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். கடைசியாக, இன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வங்கிக்கும் ஒரு மெயில்: இன்ன தேதி, இன்ன நேரத்திலிருந்து வீட்டில் வெள்ளம் புகுந்தது, சேதம் ஆகியிருக்கிறது, சர்வேயரை அனுப்புங்கள், பாலிசி நகல் அனுப்புங்கள். நாலு வரி போதும். தொகையெல்லாம் இப்போது எழுத வேண்டாம்.

சரி, இப்போது வங்கி எடுத்த பாலிசி என்ன பாலிசி என்று பார்க்க வேண்டும். வீட்டுக் கடனோடு இரண்டு விதமான இன்சூரன்ஸ் வரும், இரண்டையும் ஜனங்கள் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைப்பது. அது உயிருக்கு எடுத்த பாலிசி. வீடு மூழ்கினாலும் எரிந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. இன்னொன்றுதான் வீட்டுக்கு எடுத்தது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பெரிய தொகையாகப் பிடித்துக் கடனோடு சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. கட்டடத்துக்கு ஆகிற பிரீமியம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தே, ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டுவது அபூர்வம். பாலிசி நகலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கவுண்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிற பையனுக்குப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்கு எடுத்ததுதான் என்றால் அதன் பெயர் அனேகமாக 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இந்த ஒரே வாசகத்தில்தான் அடிப்படைப் பாலிசி கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்தது. இது நமக்கெல்லாம் நல்ல காலம் என்றே சொல்வேன். முன்னால் இருந்த தீ விபத்துப் பாலிசி தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் எழுதியதை வீட்டுக்கும் போர்த்திய மாதிரி இருந்தது. இது குடியிருப்புக்கென்றே எழுதியது.

இதில் எவற்றுக்குப் பணம் உண்டு? தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், சுனாமி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத்தீ. வெளியிலிருந்து ஏதாவது வந்து மோதினால் உண்டு, அதாவது லாரி வந்து காம்பவுண்டுச் சுவரை இடித்தால், மரம் விழுந்தால். கலவரம், வேலைநிறுத்தம், விஷமத்தனமாக யாராவது சேதப்படுத்துவது, பயங்கரவாதம் எல்லாம் உள்ளேயே வந்துவிடுகிறது. மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வீட்டை நனைத்தாலும் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று நடந்து, அதனால் வீடு திறந்து கிடந்து, ஏழு நாளைக்குள் திருட்டுப் போனால் அதற்கும் உண்டு. இதைப் பல பேர் கேட்பதே இல்லை. 2015-இல் வீட்டைப் பூட்டக்கூட முடியாமல் படகில் போனவர்கள் திரும்பி வந்தபோது மோட்டார், சிலிண்டர், பித்தளைப் பாத்திரமெல்லாம் காணாமல் போயிருந்தது.

நீங்கள் கேட்பது வெள்ளம், அது நேராகவே உள்ளே இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். அங்கே இருக்கிற உறவுக்காரர்கள் அதை வைத்து "வெள்ளத்துக்கெல்லாம் எவனும் கொடுக்க மாட்டான்" என்று வாட்ஸப்பில் சொல்வார்கள், அதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இப்போது கொடுக்காதவற்றுக்கு வருவோம். விலக்குப் பட்டியல் பெரிதாக இருக்கும், படித்தால் தலை சுற்றும். நான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்வேன். கிளெய்ம் படிவத்தில் "சேதம் நேர்ந்த தேதி, நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை உங்களால் உண்மையாக நிரப்ப முடியுமா? முடிந்தால் பெரும்பாலும் பணம் உண்டு. "அது கொஞ்சம் கொஞ்சமாக ஆனது சார், போன வருஷத்திலிருந்தே இருக்கிறது" என்று பதில் வந்தால் பெரும்பாலும் இல்லை. ஒருநாள் திடீரென்று வந்து இடித்துவிட்டுப் போன சேதத்துக்குத்தான் இந்தப் பாலிசி. தேய்மானம், துரு, கரையான், ஒழுகும் மொட்டைமாடி, உதிர்கிற சிமெண்ட் பூச்சு எல்லாம் வீட்டுக்காரர் தன் காசில் பராமரிக்க வேண்டியவை.

உங்கள் பின்சுவர் ஓதத்துக்கு வருகிறேன். மழைக்கு முன்பே அங்கே பெயிண்ட் பொரிந்து, உப்புப் பூத்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சர்வேயரிடம் மறைக்காதீர்கள், மறைக்கவும் முடியாது. இரண்டடித் தண்ணீர் நின்றதில் ஊறிய இடமும் பல மாதம் நிலத்திலிருந்து ஏறிய ஓதமும் பார்த்தாலே வேறு வேறாகத் தெரியும்: முதலாவது நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் நேர்கோடாக நிற்கும், இரண்டாவது ஒரு சுவரில் மட்டும் மேகம் மாதிரித் திட்டுத் திட்டாக, வெள்ளை உப்போடு இருக்கும். பழைய ஓதத்தையும் சேர்த்துக் கேட்டால், நியாயமாகக் கொடுக்க வேண்டிய மற்ற மூன்று சுவர் கணக்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வெள்ளத்தால் ஆனது இது, பழையது இது என்று நீங்களே பிரித்து எழுதிக் கொடுத்தால் உங்கள் வார்த்தைக்கு எடை கூடும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜை ஏன் பிளக்கில் மாட்டக் கூடாது என்றால், இந்தப் பாலிசியில் மின்சாரத்தால் அந்தக் கருவிக்கே ஆகிற சேதத்துக்குப் பணம் இல்லை. ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்டேஜ், தானாகச் சூடாகி எரிவது எல்லாம் விலக்கு. டிவி ஷார்ட் ஆகித் தீப்பிடித்து, அந்தத் தீ திரைச்சீலை, சோபா, கூரை என்று பரவினால், சோபாவுக்கும் கூரைக்கும் உண்டு, ஷார்ட் ஆன டிவிக்கு மட்டும் இல்லை. இப்போது உங்கள் ஃபிரிட்ஜ் தண்ணீரில் மூழ்கியதால் கெட்டது, அது வெள்ளச் சேதம், பணம் உண்டு. ஆனால் ஈரம் காயாமல் கரண்ட் கொடுத்து, கம்ப்ரசர் புகைந்து, சர்வீஸ் மெக்கானிக் வந்து "மோட்டார் ஷார்ட்" என்று சீட்டில் எழுதிவிட்டுப் போனால்? காகிதத்தில் காரணமே மாறிவிடுகிறது. அதனால் கரண்ட் கொடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள், கழற்றிப் பார்க்கட்டும், "கம்ப்ரசர் பகுதிவரை வெள்ள நீரும் சேறும் புகுந்துள்ளது, பழுது பார்க்க இயலாது" அல்லது "பழுதுக்கு இவ்வளவு ஆகும்" என்று அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. பழுது பார்க்க முடிந்தால் பழுதுக்கான செலவு, முடியாவிட்டால் அதே மாதிரிப் பொருளை மாற்றுகிற செலவு என்றுதான் கணக்குப் போவார்கள்.

இனி அலமாரி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். "கட்டடத்துக்கு மட்டும்" என்றே வைத்துக்கொள்வோம், கட்டடம் என்றால் செங்கல் சிமெண்ட் மட்டுமா? இல்லை. சுவரிலோ தரையிலோ கூரையிலோ நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் கட்டடக் கணக்கில் வரும்: கழிவறைச் சாதனங்கள், மின்சார வயரிங், சுவிட்ச் போர்டு. காம்பவுண்டுச் சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, மாடியில் இருக்கிற சோலார் பேனல், காரை நிறுத்துகிற ஷெட் எல்லாமே கட்டடம்தான். அப்படியென்றால் ஆசாரி வந்து சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியும் கட்டடம், சமையலறையில் அடித்த கபோர்டும் கட்டடம். நகர்த்தி வைக்கக்கூடிய இரும்பு பீரோ, கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ் இவைதான் வீட்டுச் சாமான். மிக்ஜாம் சமயத்தில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போனேன், அந்த அம்மா சமையலறை கபோர்டைப் பட்டியலில் எழுதவே இல்லை. ஊதிப்போய்க் கதவு மூடாமல் நின்றுகொண்டிருக்கிறது, ஒரு மூலையைத் தொட்டதும் பலகை பிஸ்கட் மாதிரிப் பிட்டுக்கொண்டு வந்தது. "அது மரச் சாமான் இல்லையா, எனக்குக் கட்டடத்துக்கு மட்டும்தானே இருக்கிறது" என்றார். அவர் கணக்கிலேயே பெரிய தொகை அதுதான்.

வீட்டுச் சாமானுக்கு, பாலிசி அட்டவணையில் 'ஜெனரல் கன்டென்ட்ஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம், சாமான் இரண்டுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம்வரை, அதிகபட்சம் 10 லட்சம்வரை, எந்தப் பொருளையும் பட்டியல் போடாமலேயே சாமானுக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த வரி இருந்தால் கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் தைரியமாகக் கேளுங்கள். இல்லையென்றால் அவற்றுக்கு இந்த முறை வழியில்லை, வருத்தமான விஷயம்தான், ஆனால் அலமாரியும் சுவரும் தரையும் வயரிங்கும் வரும். அதையாவது விடாதீர்கள்.

தொகை விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. நீங்கள் வீட்டை 70 லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம், ஆனால் அதில் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கொடுத்த விலை. மண் எரியாது, வெள்ளத்தில் போகாது, அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. வீட்டுக்குள் புழங்குகிற பரப்பு எவ்வளவு, இன்றைக்கு அங்கே கட்ட என்ன செலவு, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் காப்பீட்டுத் தொகை. 900 சதுர அடி, கொத்தனார் கூலி சாமானெல்லாம் சேர்த்து அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 22.5 லட்சம். 20 சதவீதம் என்றால் சாமானுக்கு 4.5 லட்சம். வாங்கிய விலைக்கோ கடன் தொகைக்கோ பாலிசி எடுத்தால் ஒருபக்கம் அதிகமாகக் கட்டுவீர்கள் அல்லது இன்னொருபக்கம் குறைந்துபோகும். பழைய வீட்டில் 4 லட்சம்தான் கடன் பாக்கி என்று 4 லட்சத்துக்கே எடுத்து வைத்திருப்பார்கள். அது வங்கிக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

முன்பு ஒரு கொடுமை இருந்தது. 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் வரும், பாதி விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். இந்தக் கணக்கை விளக்கும்போது மனிதர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. எடுத்த தொகைக்குள் சேதம் இருந்தால் முழுவதும் வரும். அதற்காகப் பரப்பைக் குறைத்துப் பொய் எழுதலாம் என்று அர்த்தமில்லை, பொய்த் தகவல் வேறு விதமாகக் கழுத்தைப் பிடிக்கும். இடிபாட்டை அகற்றுகிற செலவுக்குச் சேதத் தொகையில் 2 சதவீதம்வரை, இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம்வரை தனியாக உண்டு. குடியிருக்க முடியாத அளவுக்கு வீடு கெட்டுப்போனால், பழுது முடியும்வரை வேறு இடத்தில் கொடுக்கிற வாடகைக்கும் இதில் இடமிருக்கிறது.

விரிசல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் ஊரில் அதிகமாக நிராகரிக்கப்படுவது அதுதான் என்பதால் சொல்கிறேன். நிலம் சரிந்து வீடு உட்கார்ந்தால் பணம் உண்டு, நீலகிரி மாதிரி இடத்தில் அது முக்கியம். ஆனால் புது வீடு அமரும்போது வருகிற விரிசல், மண் கொட்டி நிரப்பிய மனை இறங்குவது, ஆற்றங்கரையோ கடற்கரையோ அரிப்பது, தப்பான வடிவமைப்பு, மட்டமான சாமான், இவற்றுக்குக் கிடையாது. ஏரிப்பக்கத்து மனைகளில் மண் கொட்டி உயர்த்தித்தான் நிறைய வீடு நிற்கிறது, அங்கெல்லாம் இது இடிக்கும். இன்னொன்று, பக்கத்து மனையில் அடுக்குமாடிக்கு ஆழமாகக் குழி தோண்டி, உங்கள் சுவர் பிளந்தால்? தோண்டுவதால் வருகிற நிலச்சரிவு விலக்கில் இருக்கிறது. அந்தச் சேதத்துக்குப் பக்கத்து பில்டரைத்தான் கேட்க வேண்டும். அதனால் பக்கத்தில் ஜே.சி.பி. வந்து நின்ற அன்றைக்கே உங்கள் வீட்டைச் சுற்றித் தேதியோடு வீடியோ எடுத்து, பில்டருக்கு ஒரு பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். தோண்டின பிறகு "இது பழைய விரிசல்" என்று சொல்வார்கள்.

அதேபோல நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று அரசு உத்தரவு போட்டு வீட்டை இடித்தால் பாலிசியில் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்காரரே வேண்டுமென்று செய்த சேதம், போர், அணுக்கதிர்வீச்சு இவை எல்லா நாட்டுப் பாலிசியிலும் இருக்கிற விலக்குகள், நீட்டவில்லை.

திருட்டுக்கு வருவோம், இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். முன்னால் சொன்ன ஏழு நாள் திருட்டைத் தவிர, சாதாரணமாகப் பூட்டை உடைத்து நடக்கிற கொள்ளைக்கு இந்த அடிப்படைப் பாலிசியில் பணம் இல்லை. அதற்குக் கொள்ளைப் பாதுகாப்பைத் தனியாகவோ, 'ஹவுஸ்ஹோல்டர்' என்ற பெயரில் வருகிற தொகுப்புப் பாலிசியிலோ சேர்க்க வேண்டும். அதிலும் பூட்டை, ஜன்னலை உடைத்த அடையாளம் இருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும். வீட்டு வேலை செய்பவரே எடுத்ததாகச் சந்தேகம் என்றால் அதற்கும் சேர்த்து எடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் பூட்டிப்போட்டு வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள், போவதற்கு முன் கம்பெனிக்கு எழுதிவிட்டுப் போவது நல்லது, பூட்டிய வீட்டுக்கு நாள் வரம்பு வைத்திருப்பார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் கையில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது போதும் என்று வந்துவிடாதீர்கள். கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள், பிறகு பொருள் கிடைக்கவில்லை என்ற சான்றும் கேட்பார்கள்.

நகை? தானாக உள்ளே வராது. விலையுயர்ந்த பொருள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும், தொகை பெரிதென்றால் மதிப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். ரொக்கம், தங்கக் கட்டி, பத்திரம், பங்குச் சான்று, காசோலை இவற்றுக்கு அடிப்படைப் பாலிசியில் இடமே இல்லை. கார், பைக் மூழ்கினால் அது மோட்டார் பாலிசியின் வேலை. அதிலும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது.

சமையல் எரிவாயுவுக்கு ஒரு விஷயம், காசு கட்டாமலே கிடைக்கிற பாதுகாப்பு என்பதால் சொல்கிறேன். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டரால் நடந்த விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், பதிவு செய்த முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம்வரை. விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஃபிளாட்டுக்குள் இருப்பதை நீங்கள் காப்பீடு செய்யலாம், ஆனால் லிஃப்ட், ஜெனரேட்டர், சம்ப் மோட்டார், கீழ்த்தளப் பார்க்கிங் இதெல்லாம் பொது. வெள்ளம் முதலில் கெடுப்பதும் இதைத்தான். சங்கத்தின் பெயரில் முழுக் கட்டடத்துக்கும் பாலிசி எடுக்காவிட்டால், நாலாவது மாடியில் இருப்பவரும் லிஃப்ட் பழுதுக்குக் கையிலிருந்து போட வேண்டியதுதான். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், இதை எடுப்பவர்கள் மிகக் குறைவு.

கிளெய்ம் நடைமுறைக்குத் திரும்புகிறேன். சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளைக்குள் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது உங்களுக்கு. சர்வேயர் வரும்போது கூட ஒருவர் இருங்கள், அவர் எழுதுகிற பட்டியலை நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2015-இல் தாம்பரத்தில் டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் 49 சென்டிமீட்டர் கொட்டியது. சில நாள் கழித்து அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். சாமான் எல்லாவற்றையும் தெருவில் போட்டு, குப்பை லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. பீரோ நின்ற இடத்தில் டைல்ஸ் மேல் நாலு துருவட்டம், அவ்வளவுதான் மிச்சம். பில்லெல்லாம் அந்த பீரோவுக்குள் இருந்திருக்கிறது. பிறகு பெங்களூரிலிருந்து அவருடைய பெண் பேரனின் பிறந்தநாள் படங்களை அனுப்பினார். கேக்குக்குப் பின்னால் டிவி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின், புத்தக அலமாரி எல்லாம் தெளிவாக இருந்தன. அந்தப் படங்களை வைத்துத்தான் பட்டியல் போட்டோம், ஏற்றுக்கொள்ளவும் பட்டது. உங்கள் வீட்டிலும் பொங்கல், தீபாவளிப் படங்கள் யார் போனிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள். கார்டில் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு விவரம், கடைக்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் போன் எண்ணைப் போட்டால் பழைய பில், இரண்டும் கிடைக்கும்.

பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். பழுது பார்க்கத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, உங்களிடம் விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டு நமக்குக் குறுஞ்செய்தி மட்டும் வரும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பாலிசியின் எந்த விதிப்படி என்று எண்ணோடு. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். சண்டை போடுகிற தொனி வேண்டாம், தேதியும் படமும் மெக்கானிக் சீட்டும் வரிசையாக வைத்து எழுதினாலே பாதி வேலை முடியும்.

அடுத்த மழைக்கு முன் என்ன எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வங்கிப் பாலிசியில் வெறும் கட்டடம்தான் என்று தெரிந்தால், சாமானுக்கு நீங்களே தனியாக எடுங்கள். தரைத்தளம், அதுவும் அடையாறு பக்கத்தில், சாமானுக்கு இல்லாமல் இருக்கக் கூடாது. கட்டடத் தொகை கடன் பாக்கி அளவுக்கு மட்டும் இருந்தால், கட்டுமானச் செலவுக்கு உயர்த்துங்கள். பத்து ஆண்டுவரை ஒரேயடியாக எடுக்கலாம், ஆண்டுக்கு 10 சதவீதம் தொகை தானாக ஏறும். கொள்ளைக்கும் மின்சாரப் பழுதுக்கும் சேர்க்கிறீர்களா என்பது பிரீமியத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. என்னைக் கேட்டால் நகை லாக்கரில் இருக்கும் பட்சத்தில் கொள்ளைப் பாதுகாப்பைவிட மின்சாரப் பழுதுக்கு எடுப்பதுதான் உங்கள் பகுதியில் பயன்படும்.

மெயில் போட்டதும் அவர்கள் ஒரு கிளெய்ம் எண் அனுப்புவார்கள். பாலிசியின் முதல் இரண்டு பக்கத்தில், பெயர், கணக்கு எண் எல்லாம் மறைத்துவிட்டு, அட்டவணையை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள். எந்த வரியில் என்ன கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பின்சுவருக்கு மட்டும் சர்வேயர் வந்து போகிறவரை வெள்ளையடிக்காதீர்கள்.